காத்தான்குடி ஒழுங்கையில் நிற்கும் வேன்

கொழும்பிலிருந்து லண்டன் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். விமானம் அதைப் பதினொரு மணித்தியாலத்தில் கடந்துவிடும். நானோ குருக்கள்மடத்தில் விமான நிலைய வேனில் ஏறி, காத்தான்குடியைத் தாண்ட முடியாமல் வீடுகள் நெருங்கிய ஒரு குறுகிய ஒழுங்கையில் வெந்துகொண்டிருக்கிறேன். கூட வரவேண்டிய பெண் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். அவளுடைய பெட்டி மட்டும் எப்போதோ ஏறிவிட்டது. அதன் மூலை என் முழங்காலை இடிக்கிறது.

“ஹோர்ன் அடிங்க நானா,” என்று அண்ணன் முறை சொல்லிச் சாரதியை அவசரப்படுத்துகிறேன். “பிளேன் நமக்காக நிக்காது.”

“பொறுங்க தம்பி,” என்கிறார் சாரதி. “அவட புள்ள இன்னும் நித்திரையாகல்ல. முழிச்சிருந்தா உம்மாவப் போக உடமாட்டான்.”

“கட்டாருக்குப் பறக்கவே அஞ்சு மணித்தியாலம்தான். இந்த வாசலத் தாண்ட எவ்வளவு நேரம்?”

அவர் வீட்டுக் கதவையே பார்க்கிறார். பொறுமை போய், நானே எட்டி ஹோர்னை அழுத்துகிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்திருக்கிறது. செருப்பைக் கையில் பிடித்தபடி, ஓசைப்படாமல் அவள் படி இறங்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளே பிள்ளை வீரிட்டு அழுகிறது. செருப்பை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறாள்.

சாரதி என்னைப் பார்க்கவில்லை. வேன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறார்.