சவேரியம்மாளின் உரத்த குரல்

சவேரியம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ஓய்வுபெற்றுத் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த பிறகும் அது குறையவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் அவருக்கு ‘மைக் செட்டு’ என்றே பெயர்.

ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பிற்பகல் மூன்று மணி ஆனால் போதும், எங்கிருந்தாலும் இறை இரக்கச் செபமாலையைத் தொடங்கிவிடுவார். பாவிகளுக்காக இரக்கம் கேட்கும் செபம் அது. சாகக் கிடப்பவர்களின் அருகில் சொல்வது வழக்கம் என்பதால் பல வீடுகளில் அவரைக் கூப்பிடுவார்கள். முன்வரியை அவர் சொன்னால் பின்வரியைச் சுற்றி இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஜூலையில் என் தம்பி ஞானதாஸுக்காக நானும் கூப்பிட்டேன்.

தம்பி 2011இல் மனைவி ரெஜினாவை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேறொருத்தியோடு வாழப் போனவன். பக்கவாதம் வந்து, பேச்சும் போய், ஒரு வேனில் திரும்பி வந்தான். ரெஜினா அவனை விரட்டவில்லை. முன்னறையில் கட்டில் போட்டாள், கஞ்சி காய்ச்சினாள். ஊட்டுவதற்கு மட்டும் என்னை வரச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவோ ஒரு சொல் பேசவோ இல்லை. நாள் அதிகமில்லை என்றார் வைத்தியர். அவள் மன்னிப்பு இல்லாமலே போய்விடுவானோ என்பதுதான் என் பயம். அவன் கண்கள் எப்போதும் அடுப்படி வாசலிலேயே கிடந்தன.

முதல் நாள் செபம் முடிந்ததும் ரெஜினா உள்ளேயிருந்து சொன்னாள்:

“கடவுளுக்கு நல்லாக் காது கேக்கும்க்கா. செத்த மெதுவாச் சொல்லுங்க.”

“அவருக்குக் கேக்கும்த்தா. எனக்குத்தான் கேக்காது” என்றார் சவேரியம்மாள்.

தினமும் நான்தான் பின்வரி சொன்னேன். அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன.

ஒரு வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் அடைத்திருந்ததால் எனக்குத் தாமதமாகிவிட்டது. மூன்று மணிக்கு மேல் சவேரியம்மாள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முன்வரி முழங்கியது. தம்பியால் பேச முடியாது, நானோ வெளியில். பதில் இராது என்று நினைத்தேன். ஆனால் அடுப்படியிலிருந்து வந்தது:

“எங்கள்மேலும் உலகம் முழுவதன்மேலும் இரக்கமாயிரும்.”

ஒரு தட்டு கீழே விழுந்தது. “அடச்சே! வாய்ப் பழக்கம்” என்றாள் ரெஜினா. “சின்னப் புள்ளையிலிருந்து சொன்னது, தானா வருது. நான் ஒண்ணும் இந்த ஆளுக்காகச் சொல்லல.”

“யாருத்தா சொன்னா அவருக்குன்னு? ‘எங்கள்மேலும்’னுதான இருக்கு. அதுல நீயும் உண்டு, நானும் உண்டு. இம்புட்டுப் பெரிய உலகத்துல அவரு ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போறாரு.”

அடுத்த முன்வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் வாய் திறந்தேன். கையை உயர்த்தி அடக்கினார். செபமாலை மணி அவர் விரலில் அப்படியே நின்றது.

ரெஜினா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கட்டில்காலருகே தரையில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பின்வரி சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். கடைசி மணி வரை அவள் குரல்தான். பாதியில் தம்பியின் கண் நிறைந்து காதோரம் வழிந்தது. சவேரியம்மாள் செபத்தை நிறுத்தவில்லை, துடைக்கவும் எழவில்லை. ரெஜினாதான் துடைத்தாள்.

முடிந்ததும் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்: “கஞ்சில உப்புப் பத்துதா? ஒங்க அண்ணன் கேட்டுச் சொல்ல மாட்டேங்கிறாரு.”

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அவள் கையால் கஞ்சி குடித்துவிட்டுத்தான் தம்பி போனான். அந்த வீட்டுக்குள் சவேரியம்மாளை மெதுவாகப் பேசச் செய்யாமல் விட்ட ஆண்டவருக்கு நன்றி.