எனக்கு நோயில்லை என்று காட்டிய காகிதம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் எங்கள் தேவாலயத்துச் சமையல்கூடத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்திருந்தேன். கடற்பாசியில் இருக்கும் ஒரு புரதத்தைக் களிம்பாகச் செய்து, பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று தெரிய வேண்டுமே! அதைச் சோதிக்க நோயில்லாதவர்கள்தான் வேண்டும். என் ரத்தத்தைச் சோதித்து, தொற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் என்னைச் சேர்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எங்கள் சமையல் குழுவில் ஒரு தோழியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து மதிய விருந்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழுத் தலைவி வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க லா. கைய கிய்ய வெட்டிக்கிட்டா எல்லாருக்கும் பிரச்சினை."

நான் நறுக்கிய வெங்காயம் அப்படியே குப்பைக்குப் போனது. பத்து வருடமாக அங்கே சமைத்தவள் நான்! நான் சொன்னதில் எச்.ஐ.வி. மட்டும்தான் எல்லார் காதுக்கும் போயிருக்கிறது. மற்றதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

விடுவேனா? மறுவாரம் பரிசோதனை முடிவை எடுத்துப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டினேன்.

"நல்லாப் பாருங்க! எனக்கு ஒண்ணும் இல்ல. என்னைப் பார்த்தா அந்த மாதிரிப் பொம்பளையாவா தெரியுது?"

தலைவி அசடு வழிந்தார். மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் சமைக்கக் கூப்பிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களோடு பாத்திரம் கழுவும் ஒரு பெண் உண்டு, அதிகம் பேசமாட்டார். கிளம்பும்போது வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எனக்கு இருக்கு. ஹஸ்பெண்ட்கிட்டேர்ந்து வந்துச்சு. மாத்திரை சாப்பிடுறேன், நல்லாத்தான் இருக்கேன். நான் எந்தப் பேப்பரைக் காட்டுறது?"

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் வரவே இல்லை.

வெங்காயம் நறுக்குவதால் யாருக்கும் தொற்றாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆய்வில் விலாவாரியாகச் சொல்லியிருந்தார்கள். தலைவி மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால், "இருந்தால்தான் என்ன?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்காமல், என் மானத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தேனே, அந்தக் கோபம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.