நீல லேபிள்

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். பள்ளி அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் என் மகள்.

"அம்மா, என் கதைய மெஷின் பின்னிடுச்சு."

அவளுக்குப் பின்னால் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி சொல்ற?"

"ஸ்வெட்டர்ல வந்துடுச்சும்மா. ஒருத்தி போட்டுக்கிட்டு சுத்தறா."

அவள் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் கணினியில் டிசைன் போடுபவள். நூலில் ஒரு கண்ணி என்றால் திரையில் ஒரு சதுரம். சாப்பாட்டு இடைவேளைகளில், அதே சதுரங்களால், இரண்டு வருடமாக ஒரு சித்திரக்கதை வரைந்துவந்தாள். நூறு வருடம் கழித்து வரப்போகும் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி. கடலுக்குள் வரை ஒளிக் கோபுரங்கள். மனிதர்கள் எப்போது தூங்கலாம் என்பதை இயந்திரங்கள் முடிவு செய்யும். கைகளுக்குள் மின்கம்பி ஓடும் முகமூடிப் பெண் ஒருத்தி பறந்துபோய் அவற்றின் மின்சாரத்தை அறுப்பாள். எல்லாம் ஒரே பிளாப்பி வட்டில் இருந்தது. வேறு பிரதி இல்லை.

நான் தஞ்சாவூரிலிருந்து இந்தத் தீவின் ட்ரியோலே ஊருக்குத் தமிழ் கற்பிக்க வந்தவள். பெயர் எழுதாத பொருள் வீட்டில் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. அன்று காலை அவள் பையில் அந்த பிளாப்பி வெறுமனே கிடந்தது. பக்கத்திலேயே நீல லேபிள்கள். ஒன்றை உரித்து ஒட்டி, அவள் பெயரை எழுதினேன். அந்தத் தொழிற்சாலையில் நீல லேபிள் ஒட்டினால் பின்னத் தயார் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது.

மகள் கவனிக்காமல் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததை மெஷின் ஓட்டும் பெண் எடுத்துப் போட்டுவிட்டாள். பனித்துகள் டிசைனோடு பிரான்சுக்குப் போக வேண்டிய ஸ்வெட்டர்களில் பன்னிரண்டு முகமூடிப் பெண்ணோடு வெளிவந்தன. மேலாளர் மகளை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். பிளாப்பியை ஐந்து மணிக்குள் அழிக்கும்படி மெஷின் பெண்ணுக்கு உத்தரவு.

மகள் வீட்டுக்கு வந்ததும் முதலில் லேபிளைப் பற்றித்தான் கேட்டாள்.

"யாரும்மா அதுல லேபிள் ஒட்டுனது?"

"நான்தான்."

"நீயா? பசங்க நோட்டுக்கு ஒட்டற மாதிரி?"

"ஒழுங்கா இருக்கட்டும்னு..."

அவள் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஐந்து மணி ஆனது. கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி நோட்டைப் பார்த்தேன். அன்று நான் திருத்தியதில் பிழைகளுக்கும் சரி போட்டிருந்தேன் என்று மறுநாள் ஒரு மாணவி காட்டினாள். கதவை இரண்டு முறை தட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் எந்த லேபிளை உரித்தாலும் என் விரல் ஒரு கணம் நிற்கிறது.

ஆறேகாலுக்கு வாசலில் ஒரு பெண் நின்றாள். மெஷின் ஓட்டுபவள். போர்ட் லூயி பக்கம் ரோஷ் புவாவில் வீடு. அதற்கு எதிர்த்திசையில் பஸ் ஏறி, தமிழ் டீச்சர் வீடு எது என்று கேட்டுக்கேட்டு வந்திருக்கிறாள். மகள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அந்தப் பெண் தன் ரொட்டி டப்பாவைத் திறந்தாள். துணியில் சுற்றிய பிளாப்பி. நீல லேபிளில் என் கையெழுத்து.

தீவின் பேச்சுமொழியான கிரியோலில் என்னிடம் சொன்னாள்: "அழின்னு சொன்னார், மாதாம். அவர் கண்ணு முன்னாடியே ஒண்ண அழிச்சேன். எதைன்னு அவர் கேக்கவே இல்ல."