சுடாத பாதம்

என் வீட்டுக்காரர் பூக்குழி இறங்குகிறார் என்றால் பர்மாவில் எங்கள் இன்சீன் ஊர்த் தமிழர்கள் அத்தனை பேரும் கூடிவிடுவார்கள். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பாதிப் பேர் கப்பலேறிவிட்ட காலம் அது. மிச்சமிருந்தவர்களுக்கு அம்மன்தான் துணை. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கடக்கும் தணலில் அவர் நிதானமாக நடப்பார். பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ரயில்வே பட்டறையில் யார் அதட்டினாலும் தலைகுனிந்து நிற்கிற மனுஷனுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மரியாதை. எனக்கும் பெருமையில் தலைகால் புரியாது.

அவர் இறங்கத் தொடங்கி மூன்றாம் வருஷம், திருவிழாவுக்கு முன்னால் ஒரு காலை, அவர் கிணற்றடியிலிருந்து நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவேயில்லை.

ரயிலேற்றி, டவுனில் லான்மடாப் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். தேமல் என்று நாங்கள் விட்டுவைத்திருந்த கெண்டைக்கால் வெளுப்பையும் அந்த அம்மா பார்த்தார். இவரைக் கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்டதும் சொல்லச் சொன்னார். தொட்டார், தொட்டார். இவர் வாயே திறக்கவில்லை.

"எப்பத் தொடுவாங்களாம்?" என்று மூடிய கண்ணோடு இவர் என்னைக் கேட்டார்.

தொழுநோய்தான், மாத்திரை விடாமல் சாப்பிட்டால் அடங்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் அந்தப் புண்ணோடு நெருப்பில் இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

"பர்மாக்காரம்மாவுக்கு நம்ம ஆத்தாவப் பத்தி என்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் மறுநாளே போய்க் காப்புக் கட்டிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பங்கரைப் பாத்திரமெல்லாம் உருண்டது.

வெளியே சொன்னால் குழாயடியில் எங்கள் குடத்தை வைக்க விடமாட்டார்கள். பட்டறையில் கொடுத்த லைன் வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் கால் போய்விடும். திருவிழா வரைக்கும் ஒரு வாய் சோறு எனக்கு இறங்கவில்லை.

அன்று பம்பை முழங்க, தணல் கனன்றது. ஆணிப் புண்ணில் மஞ்சளைப் பூசிக்கொண்டு குழியோரம் வந்து நின்றார். காலைத் தூக்கினார். நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"எறங்காதீங்க! இவருக்குக் காலுல உணர்ச்சியே கெடையாது. ஆத்தா இல்ல, பெருவியாதி!"

பம்பை நின்றது. காலைத் தொட்டு ஒற்றிக்கொண்ட பெண்கள்தான் முதலில் பின்வாங்கினார்கள். பூசாரி கிட்டே வரவில்லை. காப்பை அவரையே அவிழ்த்துக்கொள்ளச் சொன்னார்.

கால் பிழைத்தது. லைன் வீடுதான் போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் அவர் வீட்டைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருசமும் ஆத்தா எங்கூட வரவேயில்லியா?"

அந்தக் காலை மடியில் இழுத்து வைத்துக் கழுவினேன். என் கண்ணீர் அவர் பாதத்தில்தான் விழுந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.