உதியன்குளங்கரையில் ஓடிய ஒரு மைல்

உலகத்திலேயே பெரிய விளையாட்டு வீரன் யார் என்று யாராவது வாதாட ஆரம்பித்தால் நான் மெதுவாக எழுந்து போய்விடுவேன். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் முப்பது வருடம் இப்படித்தான் எழுந்து போனேன். எனக்கு விளையாட்டில் ருசி இல்லை என்று உடன் வேலை பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு காலத்தில் இந்த வாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாயால் ஜெயிப்பதில் நான் மகா கெட்டிக்காரன்.

அது எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள், பின்னாலேயே போலீஸ் லாரி போகும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கிடந்த எங்கள் ஊர்களில் அதுவரை யாரும் யாரையும் நீ தமிழனா மலையாளியா என்று கேட்டதில்லை. வீட்டில் தமிழ் பேசினோம், சர்க்கார் கச்சேரியில் மலையாளம் பேசினோம், சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அதைப் பேசினோம். இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கிறவன் கையில் தடி இருந்தால் பதிலை யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். பொழுது போக உதியன்குளங்கரை முக்கில் இருந்த சைக்கிள் கடைக்குப் போவேன். கடைக்காரர் பயந்த மனிதர். இங்கே அரசியல் பேசக்கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். நாங்களும் பேசவில்லை. அதற்குப் பதிலாக விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேசினோம், பேசியது முழுக்க அரசியல்தான். ஒருவன் திருவனந்தபுரத்துப் பந்து விளையாட்டுக்காரனைத் தூக்கிப் பேசினால் அவன் மலையாளப் பக்கம். ஒருவன் தெற்கே உள்ள சடுகுடுக்காரனைத் தூக்கிப் பேசினால் அவன் தமிழ்ப் பக்கம். கடைக்காரர் மட்டும் கோட்டுகால் ஊர்க்காரன் ஒருவன் விழிஞ்ஞம் கடலில் விடிய விடிய நீந்தியதாகச் சொல்லி, கடலுக்கு ஏது எல்லை என்று தப்பித்துக்கொள்வார்.

என்னோடு சரிக்குச் சரி நின்றவர் தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டர். மலையாளி. வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் கிடக்கும். பள்ளிக்கூடத்துச் சொத்து என்றாலும் பெண்டாட்டி கையில்கூடக் கொடுக்க மாட்டார் என்று கேலி செய்வோம். வெளிநாட்டில் எவனோ ஒருவன் ஒரு மைல் தூரத்தை அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் ஓடினான் என்று பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, இவன்தான் எல்லாக் காலத்துக்கும் பெரியவன் என்றார். அதோடு வாதம் முடிந்தது என்பதுபோல டீயை உறிஞ்சினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அண்ணன் முன்னால் அவன் நிற்பானா என்று கேட்டேன்.

அண்ணன் என்பது என் பெரியப்பா மகன். நாங்கள் ஒரே மிஷன் சபை, ஒரே குடும்பம். என் அப்பா நாலு எழுத்துப் படித்து உபதேசியார் ஆனார், பெரியப்பா வீட்டில் பனையேற்றுத் தொடர்ந்தது. அண்ணன் காலையில் இருபத்தைந்து பனை, சாயங்காலம் அதே இருபத்தைந்து பனை ஏறி இறங்குவான். அறுப்பின் பண்டிகை அன்று சபையில் நடக்கும் ஓட்டத்தில் வருடா வருடம் அவன்தான் முதலில் வருவான். அந்த ஓட்டம் ஊர்ச் சந்து வழியாக நடக்கும். மாடும் வண்டியும் குறுக்கே வராமல் இருக்க, கடைசித் திருப்பங்களில் சபை வாலிபர்கள் விசிலோடு நிற்பார்கள். விசில் கேட்டால் வழியில் தடை இல்லை, இனி உயிரைக் கொடுத்து ஓடலாம் என்று அர்த்தம். விசில் கேட்ட இடத்திலிருந்து அண்ணன் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க மற்றச் சபைக்காரர்கள்கூட வருவார்கள்.

ட்ரில் மாஸ்டர் சிரித்தார். சபைக்காரர்கள் கைதட்டியதெல்லாம் கணக்கில் வராது, வாட்ச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சரி, வாட்சே சொல்லட்டும் என்றேன். பெரிய ரோட்டில் ஒரு மைல்கல்லில் இருந்து அடுத்த மைல்கல் வரை அண்ணன் ஓடுவான், மாஸ்டர் சைக்கிளில் பின்னாலேயே வருவார், நான் கேரியரில் உட்கார்ந்து வாட்சைப் பிடிப்பேன் என்று முடிவானது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கு இந்த வாதம் ஒன்றும் விளங்கவில்லை. வெளிநாட்டுக்காரன் வருவானா என்று கேட்டான். வரமாட்டான், நேரத்தோடுதான் ஓட வேண்டும் என்றேன். "ஒரு மைலுதானே மக்கா, நீ சொன்னா ஓடித் தாறேன்" என்றான். காலைப் பனையேற்று முடித்து, கஞ்சி குடித்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

குறித்த நாளுக்கு முந்தின நாள் தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பஸ் ஓடவில்லை. கடைகள் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தன. ட்ரில் மாஸ்டர் சைக்கிளோடு வந்து நின்று, "இன்னு வேண்டா" என்றார். இன்றைக்கு வேண்டாம், நிலைமை சரியாகட்டும் என்று நயமாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. தோற்றுப்போவோம் என்று பயமா என்று கேட்டேன். ரோட்டில் வண்டி இல்லாதது ஓட்டத்துக்கு நல்லதுதானே என்று நியாயம் வேறு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாட்சை என் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

அண்ணன் வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டியிருந்தான். மேலே துணி இல்லை. பனையில் தேய்ந்து நெஞ்சு காய்த்திருந்தது. மாஸ்டர் கைக்குட்டையைக் கீழே போட்டார், நான் வாட்சை அழுத்தினேன், அவன் புறப்பட்டுவிட்டான். பாறசாலைப் பக்கமாக ரோடு ஆளில்லாமல் கிடந்தது. பாதித் தூரம் வரை நாங்கள் அவனோடு ஒட்டிப் போனோம். பிறகு முடியவில்லை. மாஸ்டர் எழுந்து நின்று மிதித்தார். முன்னால் பார்த்துக்கொண்டே மிதித்தவர், "எடா, இவன் ஆளு கொள்ளாமல்லோ" என்றார், ஆள் பலே கெட்டிக்காரன்தான் என்று. அவர் தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்போதுதான் சங்கிலி கழன்றது. அவர் குனிந்து அதை மாட்ட ஆரம்பித்தார். நான் வாட்சோடு இறங்கி ஓடினேன்.

பின்னாலிருந்து போலீஸ் லாரி வந்து என்னைத் தாண்டிப் போனது. முன்னால் சட்டையில்லாத ஒருவன் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து விசில் ஊதினார்கள்.

அண்ணன் விசில் கேட்டதும் வேகத்தைக் கூட்டினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை மடக்கிப் பிடித்திருந்தார்கள். முதுகில் இரண்டு அடி விழுந்திருந்தது. ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தான். மூச்சு வாங்க வாங்க ஓட்டப்பந்தயம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் பந்தயம் ஓடுகிறாயா என்று ஒருவன் மறுபடி ஓங்கினான். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் முகம் தெளிந்தது. கையை நீட்டி, "சாரே, இவன் எனக்க தம்பியாக்கும். இவன்ட்ட கேளுங்க" என்றான்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். நான் வெள்ளை வேட்டியும் சலவைச் சட்டையும் போட்டிருந்தேன். மலையாளத்தில், மரியாதையாகத்தான் கேட்டார், இவனைத் தெரியுமா என்று.

வேலை உத்தரவுக்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. பக்கத்து ஊரில் ஒருவனுக்குப் போராட்டக்காரனோடு பேசினான் என்று வேலை போயிருந்தது. இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். வாய் தானாக மலையாளத்துக்குப் போனது. எங்கள் ஊர்த் தமிழ் வாசனை துளியும் இல்லாத, பயிற்சிப் பள்ளியில் படித்த மலையாளம்.

"எனிக்கு அறிஞ்ஞூடா சாரே" என்றேன். எனக்குத் தெரியாது.

அண்ணன் கை நீட்டினபடியே நின்றது. ஊர்க்காரனுக்கே தெரியாத ஆள் என்றால் தெற்கே இருந்து கலகம் செய்ய வந்தவன்தான் என்று ஏட்டு முடிவு செய்துவிட்டார். கல்லெறிந்துவிட்டு ஓடியவன் இவன்தான் என்றார். இனி எப்படி ஓடுகிறாய் பார்ப்போம் என்று ஒருவன் சொன்னான். இரண்டு பேர் அவனைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். வலது முழங்காலில் மூன்று முறை அடித்தார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. வாட்ச் என் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் கையெல்லாம் சங்கிலிக் கிரீஸோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிலத்தில் கிடந்தவனைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குறுக்கே விழுந்தார். இவன் என் ஆள், நான்தான் ஓடச் சொன்னேன், வாட்ச் வைத்து ஓடினோம் என்று கத்தினார். வாட்ச் எங்கே என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. மலையாளியாக இருந்துகொண்டு தமிழனுக்குப் பொய் சாட்சி சொல்கிறாயா என்று அவர் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் போனேன்.

மாஸ்டரை மறுநாள் அவருடைய சொந்தக்காரர்கள் மீட்டுவிட்டார்கள். வாட்சை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் பல மாதம் கழித்துத்தான் ஜெயிலிலிருந்து வந்தான். முழங்கால் சரியாக வைத்தியம் பார்க்கப்படாமல் கோணலாகக் கூடியிருந்தது. கால் மடங்காது. மடங்காத காலை வைத்துக்கொண்டு பனை ஏற முடியாது. மதினி அண்டி ஆபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள், முந்திரிப் பால் பட்டு அவள் விரல்கள் வெந்தன. அண்ணன் வேலியோரம் உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கயிறு திரித்துக் கொடுத்தான். என்னைக் கண்டால் எப்போதும்போல மக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது, அடி வாங்கின மயக்கத்தில் மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை உத்தரவு வந்தது. எல்லை பிரிந்து, தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போக, எங்கள் ஊர் கேரளப் பக்கமே நின்றது.

சில வருடம் கழித்து ஒரு லீவு நாளில் சைக்கிள் கடைக்குப் போனேன். பெஞ்சில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ட்ரில் மாஸ்டர். தனுவச்சபுரத்துப் புதுப் பையன்கள் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றபடி பழைய வாதத்தை ஆரம்பித்திருந்தார்கள். நீங்கள் பார்த்ததிலேயே பெரிய வீரன் யார் என்று மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் அண்ணனைக் காட்டினார். என் சைக்கிளால் இவனை எட்ட முடியவில்லை என்றார். பையன்கள் மடங்காத அந்தக் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவன் என்னை வாத்தியார் என்று அறிந்தவன், நீங்கள் சொல்லுங்கள் சார், இவர் ஓடுவாரா என்று கேட்டான்.

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஓடுவார் என்றேன். இவர் என் அண்ணன் என்றேன். ஒரு மைல் பந்தயம் ஓடினார், நான்தான் ஓடச் சொன்னேன், நான்தான் வாட்ச் பிடித்தேன், இவரைப்போல ஓடின ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொன்னதும் நெஞ்சில் பாரம் குறைந்ததுபோல் இருந்தது. அதையும் ஏன் மறைக்க வேண்டும், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, பையன்களுக்குக் கேட்காத மெல்லிய குரலில் சொன்னான். "எலே மக்கா, இத நீ அன்னைக்கு அந்த ஏட்டுகிட்ட சொல்லியிருந்தா, நான் இப்பவும் பனையேறிட்டு இருப்பேனாக்கும்."

பஸ் வந்தது. பையன்கள் ஏறிப் போனார்கள். மாஸ்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிரே நான் நின்றுகொண்டே இருந்தேன்.