என் மகள் மோந்து பார்த்த தொட்டில்

மஞ்சள் என்றால் நமக்கு மங்களம். நம் அம்மனுக்கு உகந்த நிறம். ஆனால் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத என் மகனின் கண்ணில் அந்த மஞ்சள் மூன்றாவது தடவையாக ஏறியதைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தால் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வார்த்தை காதை விட்டுப் போகவே இல்லை. அழுது ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன்.

அடியார்களே, என் பெயர் மாலா. மாசாயில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு எடுத்துக் கொடுப்பவரையும் முந்திக்கொண்டு பாடி எல்லாரிடமும் முறைப்பு வாங்குவாளே ஒருத்தி, அது நான்தான். என் வீட்டுக்காரருக்குக் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். மூத்தவன் ஹரி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அடுத்தவள் துர்கா. அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளைப் பற்றிப் பெருமை பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்த கையோடு மூன்றாவது பிள்ளையாக முகிலன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். ஆனால் ரத்தத்தில் ஒரு குறை இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜி சிக்ஸ் பி டி என்று அதற்குப் பெயர். நம் பிள்ளைகள் சிலருக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, பிறவியிலேயே வருவதாம். பயப்பட வேண்டாம், சில பொருள்கள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும் என்றார்கள். சில வகை அவரை வேண்டாம், சில மருந்துகள் வேண்டாம், கேட்காமல் நாட்டு மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். துணிப்பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை வீட்டிலேயே இருக்கக்கூடாது. அந்த வெள்ளை உருண்டையின் வாசனை பட்டாலே இந்தப் பிள்ளைகளின் ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறிவிடும் என்று தாதி எனக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

நான் விடுவேனா? வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஹரிக்குப் போன் போட்டு அலமாரி, பெட்டி, குளியலறை எல்லாவற்றையும் துழாவச் சொன்னேன். அவனும் கண்ணில் பட்ட உருண்டையை எல்லாம் பொறுக்கிக் கட்டிக் குப்பை லாரியில் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தான். லாயாங் லாயாங்கிலிருந்து எனக்குப் பத்தியம் பார்க்க வரவிருந்த அண்ணிக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கும், விவரத்தைச் சொன்னேன்.

"நீ கவலப்படாத மாலா. ஒரு உருண்டகூட நான் கொண்டாரமாட்டேன்" என்றார் அண்ணி.

அவர் சொன்ன சொல் தவறாதவர். ஒரு உருண்டைகூடக் கொண்டு வரவில்லை. தொட்டில் கட்ட ஒரு சேலையைக் கொண்டு வந்தார்.

அந்தச் சேலைக்கு எங்கள் குடும்பத்தில் தனி மரியாதை உண்டு. ஊதா நிறத்தில் பச்சைக் கரை போட்ட நூல் சேலை. என் வீட்டுக்காரரும் அண்ணியும் அதில்தான் ஆடி வளர்ந்தார்கள். ஹரியும் துர்காவும் அதில்தான் தூங்கினார்கள். பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கியதும் துவைத்து, காய வைத்து, மடித்து அண்ணியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த பிள்ளை பிறந்தால்தான் வெளியே வரும். துவைத்து வைத்த துணியை யாரும் மறுபடி துவைப்பதில்லை. கூடத்தில் ஸ்பிரிங்கை மாட்டி, சேலையை முடிச்சுப் போட்டு, குலதெய்வத்தை நினைத்து அண்ணி முகிலனை அதில் போட்டார். அவன் ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

துர்கா மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி நாறுது."

நாங்கள் சிரித்தோம். அதுவரை அவள்தான் வீட்டின் கடைக்குட்டி. திடீரென்று ஒருவன் வந்து மடியைப் பிடித்துக்கொண்டால் கோபம் வராதா? தம்பி ஏன் இவ்வளவு அழுகிறான், இவனைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் அவள். ஆகவே நாறுகிறது என்று சொன்னதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். வேறு யார் மூக்கை நம்புவது? எனக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. என் வீட்டுக்காரரின் மூக்கைப் பெயிண்ட் வாடை தின்று முடித்துவிட்டது. அண்ணிக்குப் பெட்டியிலிருந்து வரும் வாசனை சுத்தமான துணியின் வாசனை. ஹரியின் காலுறை வாடைக்கு முன்னால் வேறு எந்த வாடையும் நிற்காது. போதாததற்குக் காலையும் மாலையும் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை வேறு.

சில நாளில் முகிலனின் முகம் மஞ்சளாகியது. பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். தேறினான். வீட்டுக்கு அழைத்து வந்து தொட்டிலில் போட்டோம். மறுபடி மஞ்சள். மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே போனால் தேறுகிறான், இங்கே வந்தால் வாடுகிறான்.

டாக்டர் மலாய்க்கார அம்மா, பொறுமையானவர். "வீட்டில் ஏதோ ஒன்று அவனுக்கு ஆகவில்லை. யோசித்துப் பாருங்கள்" என்றார். யோசித்தோம். என் பத்தியச் சாப்பாட்டில் பாதியை அண்ணி நிறுத்திவிட்டார். குளிக்க வைக்கிற எண்ணெயை மாற்றினோம். சோப்பை மாற்றினோம். சாம்பிராணியையும் நிறுத்தினோம். பார்க்க வந்தவர்கள் திருஷ்டி என்றார்கள். என் பால்தான் சரியில்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை மஞ்சள் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கடற்பாலத்தைத் தாண்டிவிட்டேன், இதோ வந்துவிடுகிறேன் என்றார். வீட்டில் கார் நிற்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அழக்கூட இல்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது.

சாமி மேடைக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்திருந்தாலும் பெற்றவளுக்கு முப்பது நாள் கழியாமல் விளக்கைத் தொடக்கூடாது. அறை வாசலிலேயே நின்றேன். அங்கிருந்து அம்மன் படத்தின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. "தாயே, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று என் பிள்ளையைக் கொல்கிறது. அது எது என்று காட்டிக்கொடு. யார் வாயால் வேண்டுமானாலும் சொல்லு. இவன் பிழைத்தால் உன் சன்னிதியில் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன்" என்று மனதுக்குள் கதறினேன்.

பிறகு துர்காவைக் கூப்பிட்டேன். "அம்மா உள்ள போகக்கூடாதும்மா. நீ போயி தம்பிக்காக வேண்டிக்க. சத்தமா வேண்டிக்க, அம்மாவுக்குக் கேக்கணும்."

அவள் கால் கழுவிக்கொண்டு வந்தாள். ஹரி விளக்கை ஏற்றிக் கொடுத்தான். அவள் கண்ணை இறுக்க மூடிக் கைகூப்பி வேண்டினாள்.

"சாமி, தம்பிக்கு நல்லாகணும். அம்மா அழக்கூடாது. தம்பி எங்க ஸ்கூல் டாய்லெட் மாதிரி நாறக்கூடாது."

"ஏய்! சாமிகிட்ட என்ன பேச்சு இது?" என்று ஹரி அதட்டினான்.

நான் ஹரியைத் தடுத்தேன். "அவள விடுடா. துர்கா, இங்க வா. டாய்லெட் மாதிரின்னா எப்படி?"

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்லா! ஸ்கூல் டாய்லெட்ல கை கழுவுற எடத்துல வெள்ள உருண்ட போட்டிருப்பாங்க. அந்த நாத்தம். தொட்டில்ல படுத்தா தம்பிக்கும் அதே நாத்தம்."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்றார். தொட்டில் சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயோ, அலமாக்" என்று வாயில் கை வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் அந்தச் சேலையோடு வருஷக்கணக்காகக் கிடந்தவை அந்த உருண்டைகள்தான். கிளம்பும்போது உருண்டைகளைத் தட்டிக் கொட்டிவிட்டு, சேலையை மட்டும் எடுத்து வந்திருந்தார். உருண்டைதான் கெடுதல் என்று நினைத்தோமே தவிர, அதோடு கிடந்த துணி அதைக் குடித்துவிட்டு வந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஹரி ஒரே தாவலில் சேலையை அவிழ்த்து வெளியே கொண்டு போனான். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, வேறு துணியில் சுற்றினேன். என் வீட்டுக்காரர் வாசலில் மோட்டாரை நிறுத்தியதும் அப்படியே காரில் ஏறினோம். துர்காவும் வருவேன் என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "இதுதான். இனிமேல் பாருங்கள்" என்றார். அவரே துர்காவின் முன்னால் குனிந்து, "பண்டாய், சுங்கோ பண்டாய்" என்று தலையைத் தடவினார். கெட்டிக்காரி, ரொம்பக் கெட்டிக்காரி என்று அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என் மகளிடம் குனிந்து சொன்ன வார்த்தை! அன்றைக்கு எனக்கிருந்த கவலையிலும் நெஞ்சு நிமிர்ந்தது, சொல்லாமல் இருக்க முடியுமா?

ரத்தம் மாற்றத் தேவைப்படவில்லை. நீல விளக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. மஞ்சள் மெல்ல இறங்கியது. ஒரு காலையில் முகிலன் வார்டே திரும்பிப் பார்க்கும்படி பாலுக்கு அலறினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கைகூப்பி அழுதேன். அதன் பிறகு இன்றுவரை அந்த மஞ்சள் அவனை அண்டவில்லை.

அண்ணிதான் பல நாள் தேறவில்லை. "என் கையால நானே..." என்று ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, ஆசையா கொண்டாந்தீங்க. சாமி அத பாத்துச்சு. அதான் பிள்ளைய திருப்பிக் குடுத்துச்சு" என்றேன். அந்தச் சேலை இப்போது லாயாங் லாயாங்கில் அவருடைய வாழைத்தாருக்குப் போர்வை. வௌவால் கிட்டே வருவதில்லையாம்.

எங்கள் வீடும் மாறிவிட்டது. முன்பெல்லாம் துர்கா எதையாவது சொன்னால், "சின்னப் பிள்ளை, போய் விளையாடு" என்போம். இப்போது அவள் வாயைத் திறந்தால் அவள் அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கிறார். தம்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவள், இப்போது யாராவது அவனைத் தூக்க வந்தால் முதலில் கையைக் காட்டச் சொல்லி மோந்து பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிய பட்டுச்சேலையோடு வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஆண்ட்டி, நீங்க சேலைய மாத்திட்டு வாங்க, அப்புறம் தூக்கலாம்." அந்த அம்மாவும் போய் மாற்றிக்கொண்டுதான் வந்தார்!

பங்குனித் திருவிழாவில் நேர்த்திக்கடனைச் செலுத்தினோம். உங்களில் பலர் அன்று கோயிலில் இருந்தீர்கள். இரண்டு கரும்பு, கடையிலிருந்து வாங்கி மூன்று தண்ணீரில் அலசிய புது மஞ்சள் துணி. முன்னால் அவர், பின்னால் ஹரி. அப்பாவின் தோளுக்குச் சமமாகத் தோள் கொடுத்து நின்ற அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவில்லை. மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். பூசாரி, "பிள்ளையைப் போடுங்கம்மா" என்றார்.

"இருங்க!"

துர்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தொட்டில் துணியின் ஒரு முனையில் மூக்கை வைத்தாள். மறு முனைவரைக்கும் மோந்துகொண்டே போனாள். கரும்பையும் விடவில்லை. மேளம் காத்திருந்தது. பூசாரி காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"நல்ல வாசம். தம்பிய போடுங்க."

மேளம் முழங்கியது. என் மகன் கரும்புத் தொட்டிலில் கை காலை உதைத்துக்கொண்டு அம்மனைச் சுற்றி வந்தான். நான் முன்னால் நடந்த என் மகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சகோதரிகளே, துன்பம் வரும்போது அம்மனை நம்பிக் கூப்பிடுங்கள். அவள் கட்டாயம் பதில் சொல்வாள். கும்பிட்டு எழுந்ததும் பக்கத்தில் நிற்கிற பிள்ளை என்ன சொல்கிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எனக்கு அவள் சொன்ன பதில், முன்பல் விழுந்த ஆறு வயதுப் பிள்ளையின் வாயில்தான் வந்தது.