ரப்பரில் தடவிய கொழுப்பு

இழுத்தால் கிழிகிற பொருளை நாள் முழுக்க இழுத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாததோடு மல்லுக்கட்டும் சக மாணவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ரயிலில்

நகரியிலிருந்து திருப்பதிக்கு தினமும் ரயில். பக்கத்து சீட்டு அம்மா என்ன வேலை என்று கேட்டார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புத் தோல் போர்த்தியிருக்கிறது, மூச்சு இழுக்கும்போது நுரையீரல் விரிந்தாலும் அது கிழிவதில்லை, அது ஏன் என்று பார்க்க அதே மாதிரித் தோலை ரப்பர் தாளில் படியவிட்டு இழுக்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரப்பர்ல கொழுப்பு தடவறதுக்கா இம்மா தூரம் போய்க்கினு வர?"

கறுப்பு ஓட்டைகள்

நான் படியவிட்ட தோல் மட்டும் கிழிந்தது. சாயம் கலந்திருப்பதால் மைக்ராஸ்கோப்பில் அது பச்சையாக மின்னும். ரப்பரைக் கொஞ்சம் இழுத்தால் போதும், கறுப்பு ஓட்டைகள் விழும். எத்தனை முறை செய்தாலும் அதே கதை. அழுகை வந்தது, பாத்ரூமில் அழுதேன். கைடு திட்டக்கூட இல்லை. "இந்த டெர்முக்குள்ள நிக்கலைன்னா வேற டாபிக் எடுத்துக்கலாம்மா, சரேனா?" என்று தெலுங்கு கலந்து முடித்துவிட்டார்.

தண்ணீர் இல்லை

தோல் படிந்ததும் அதன்மேல் குட்டிக் குட்டிக் கொழுப்புக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவை போகும்வரை சுத்திகரித்த தண்ணீரில் கழுவுவேன். கழுவுவதில் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு. அன்று தண்ணீர் மிஷின் மக்கர் செய்தது. மைக்ராஸ்கோப்பில் என் முறையை விட்டால் அடுத்த வாரம்தான். வேறு வழியில்லாமல் அரைகுறையாகக் கழுவி, புள்ளி புள்ளியாக நின்ற குமிழிகளோடே இழுத்தேன்.

ஓட்டை விழவில்லை. புள்ளிகள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோல் அவற்றைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு விரிந்துகொண்டிருந்தது! கத்திவிட்டேன். ஓடிவந்து எட்டிப் பார்த்த சித்தூர் லாவண்யா, என் பக்கத்து மேஜைக்காரி, தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இத்தினி நாளா அது துன்ற சோத்தைக் கழுவி ஊத்திக்கினு இருந்தியா?"

கைடு பார்த்தார்

அவர் முன்னால் மறுபடி செய்தேன். இழுத்தபோது தோல் விரிந்தது. விட்டபோது மிஞ்சிய கொழுப்பு மெல்லிய குழாய்களாக வெளியே நீண்டது. மறுபடி இழுத்தால் குழாய்கள் உள்ளே போயின. கிழியவே இல்லை. அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்: "டாபிக் மாத்த வேணாம்மா. அந்த மிஷின் ரிப்பேர்காரரை மட்டும் இப்ப வரவேணாம்னு சொல்லிடு."

அரைகுறையாகக் கழுவித்தான் என் ஆராய்ச்சி பிழைத்தது என்பதை, நான் பாத்திரம் தேய்க்கிற நாளில் மட்டும் எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.